சோலையோரக் காற்றை அளந்து பாருங்கள்: நீலகிரி மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், தோட்டக்கலைத் துறை அலுவலர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மடல் கொஞ்சம் நீளும் என்பதால் கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டச் சோலைக் காடுகளின் விளிம்பில் காற்றிலுள்ள அமோனியாவை மாதாமாதம் அளக்க ஏற்பாடு செய்யுங்கள். அளந்த எண்களை ஊரார் பார்க்கும்படி வெளியிடுங்கள். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஆட்சியர்தான் இயக்குநர், வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். வயலுக்குப் பொறுப்பானவரும் காட்டுக்குப் பொறுப்பானவரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இந்த விஷயம் வயலில் தொடங்கிக் காட்டில் முடிகிறது.

நான் கேத்திப் பள்ளத்தாக்கில் குத்தகை நிலத்தில் காரட்டும் பூண்டும் போடுகிறேன். அதற்கு முன் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. உரம் இல்லாமல் இந்த மலையில் ஒரு மூட்டை காரட்கூட எடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். உரத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

விதைப்புக்கு முந்தைய வாரங்களில் மேட்டுப்பாளையம் வழியாகக் கோழி எரு லோடு மேலே வரும். நாமக்கல், பல்லடம் பக்கத்துப் பண்ணைகளில் அள்ளியது. தார்ப்பாய் பாதிதான் மூடியிருக்கும். எங்கள் நிலங்களுக்கு லாரி இறங்க வழி கிடையாது. சாலையோரமாகக் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து தலைச்சுமையாகத்தான் பாத்திக்கு இறக்க வேண்டும். ஆள் கிடைக்கும்வரை குவியல் அப்படியே கிடக்கும். நடுவில் ஒரு மழை பெய்துவிட்டால் உள்ளே சூடேறி, காலையில் குவியலின் தலையிலிருந்து ஆவி கிளம்பும். கூடையோடு குனிகிற பெண்களுக்குக் கண் கரிக்கும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அள்ளுவார்கள். ஒரு கிளறு கிளறினால் சுருக்கென்று உச்சிவரை ஏறும்.

ஏறுவது அமோனியா. கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை, ஈரம் பட்டதும், நுண்ணுயிர்கள் யூரியாவாக உடைக்கின்றன. அந்த யூரியா அமோனியாவாகிறது. மண்ணுக்குள் இருந்தால் அது அமோனியமாக ஒட்டிக்கொண்டு பயிருக்குத் தழைச்சத்தாகும், அதாவது நைட்ரஜன் உணவாகும். மேலே திறந்து கிடந்தால் வாயுவாகப் போய்விடும். நாங்கள் காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கு, பாத்தியைத் தொடாமலே, சாலைக்கு எதிர்ப்பக்கம் உள்ள சோலைக்குப் போகிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் மண் புளிப்பு மண், அமிலத்தன்மை கூடியது. அதைச் சரிசெய்யச் சுண்ணாம்போ டோலமைட்டோ போடச் சொல்கிறீர்கள், போடுகிறோம். பலர் ஆள் கூலியை மிச்சம் பிடிக்க, எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் இறைத்துவிடுகிறார்கள். சுண்ணாம்பின் காரம் பட்டால் அமோனியம் அமோனியாவாக மாறிக் கிளம்பும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் அமோனியம் குளோரைடையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் சூடாக்கி அமோனியா தயாரித்துக் காட்டியிருக்கிறேன். அடுப்பில்லாமல், மெதுவாக, வயலில் நாங்கள் செய்வதும் அதே வினைதான். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள் என்று விரிவாக்க அலுவலர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இனி நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர வரையறைப்படி, அமோனியாவின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம்வரை இருக்கலாம். 24 மணி நேரச் சராசரி 400 வரை. நைட்ரஜன் டை ஆக்சைடுக்குப் பொதுவான ஆண்டு வரம்பு 40. சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதிகளுக்கு 30 என்று இறக்கியிருக்கிறார்கள். அமோனியாவுக்கு அந்த இறக்கம் இல்லை. தொழிற்பேட்டைக்கும் 100, முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்கும் 100. ஐரோப்பிய நாடுகள் எல்லை தாண்டும் காற்று மாசு உடன்படிக்கையின்கீழ் வேறொரு அளவை வைத்திருக்கின்றன. லைக்கன்களும் பாசிகளும் வாழும் இடமென்றால் ஆண்டுச் சராசரி 1 மைக்ரோகிராம். மற்ற செடிகொடிகளுக்கு 3. அதற்கு மேல் போனால் காலப்போக்கில் கேடு என்று கணக்கு. நூறு எங்கே, ஒன்று எங்கே! அந்த ஒன்று ஐரோப்பியத் தாவரங்களைப் பார்த்து வகுத்தது; நம் சோலைக்குச் சரியான எண் எது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் மனிதனின் நுரையீரலை மனதில் வைத்துப் போட்ட வரம்பு மரப்பட்டைமேல் வாழும் உயிருக்குக் காவலாகாது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

லைக்கன் என்றதும் யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்று என்று தள்ளிவிடாதீர்கள். பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் தாளிக்கிற கல்பாசி ஒரு லைக்கன்தான். ஒரு பூஞ்சையும் ஒரு நுண்பாசியும் சேர்ந்து வாழும் உயிர் அது. அதற்கு வேர் கிடையாது, இலைக்கு இருப்பதுபோல மெழுகுத்தோலும் கிடையாது. காற்றிலும் மூடுபனியிலும் வருவதை உடம்பு முழுவதாலும் உறிஞ்சுகிறது. வேண்டாததை வடிகட்டி நிறுத்த அதற்கு வழியில்லை. அமோனியா படியப் படிய மரப்பட்டையின் புளிப்பு குறையும். புளிப்பை விரும்பும் தாடி லைக்கன்கள் மறையும். தழைச்சத்தை விரும்பும் சில இனங்கள் மட்டும் மஞ்சளும் சாம்பலுமாகப் பரவும். நெதர்லாந்தில் கால்நடைப் பண்ணைகளைச் சுற்றியுள்ள மரங்களில் இதைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அருகே விம் என்ற சதுப்பில் 2002 முதல் ஒரு சோதனை நடக்கிறது. ஒரு பக்கம் அமோனியாவை வாயுவாகவே காற்றோடு விடுகிறார்கள். மற்றப் பக்கங்களில் அதே தழைச்சத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கிறார்கள். வாயுவாக விட்ட பக்கத்தில் லைக்கனும் சதுப்புப் பாசியும் சில ஆண்டுகளிலேயே மடிந்தன. நம் மேல்மலையிலும் சதுப்புகள் உண்டு. அவற்றின் அடியில் பாதி மக்கிப் படிந்த தாவரக் கழிவைத் தோண்டித்தான் இருபதாயிரம் ஆண்டுக் காலநிலையை விஞ்ஞானிகள் படித்தார்கள்.

சமவெளிக்காரர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. அது மூடுபனி. அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும். மூடுபனித் துளி மிகச் சிறியது, தரையை ஒட்டியே மிதப்பது. அதனால் அதில் கரைந்திருக்கும் அமோனியமும் நைட்ரேட்டும் பொதுவாக மழைநீரில் உள்ளதைவிடப் பலமடங்கு செறிவாக இருக்கும். மழை பெய்து ஓடிவிடும். மூடுபனி சோலைக்குள் நுழைந்து இலை, கிளை, பாசி, லைக்கன் எல்லாவற்றிலும் ஒட்டி நனைத்துவிட்டு, தண்ணீர் மட்டும் ஆவியாகி, கரைந்திருந்ததை அங்கேயே விட்டுப் போகும். பகலில் வெயில் ஏறும்போது சமவெளிக் காற்று மலைச்சரிவில் மேலேறும். கீழே கோவை, மேட்டுப்பாளையம் பக்கத்து வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதோடு வரலாம். அவை நைட்ரிக் அமிலமாகி, நம் அமோனியாவைச் சந்தித்தால், அமோனியம் நைட்ரேட் என்ற நுண்தூசாகும். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் அந்தத் தூசு கலையாமல் நிற்கும். குளிருக்கும் ஈரத்துக்கும் ஊட்டியைவிடத் தோதான இடம் வேறு வேண்டுமா?

வன அலுவலர் அவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கும் சீகை (வாட்டில்) மரம், ஸ்காட்ச் புரூம், கார்ஸ் புதர்கள் மூன்றும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மூன்றும் வேர்முடிச்சில் உள்ள பாக்டீரியாவைக் கொண்டு காற்றின் நைட்ரஜனை மண்ணுக்கு இறக்குகின்றன. புல்வெளி பிழைத்திருப்பது மண்ணில் சத்து அளவாக இருப்பதால்தான். சத்து கூடினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1856இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் புல்வெளிச் சோதனையே சாட்சி. உரம் போடாத பாத்தியில் நாற்பது வகைச் செடி அளவுக்கு இருக்கும். அமோனியம் சல்பேட் தொடர்ந்து போட்டு, சுண்ணாம்பும் இடாத பாத்தியில் இரண்டு மூன்று வகைப் புல் மட்டும் மிஞ்சியது. 2022இல் தமிழக அரசு கொண்டுவந்த அந்நியத் தாவரக் கொள்கையின்படி சீகையை அகற்றுவதை மனதார வரவேற்கிறேன். வெட்டியபின் மண்ணில் தங்கிவிடும் தழைச்சத்தையும் கணக்கில் எடுங்கள். தென்னாப்பிரிக்காவில் சீகை இனங்களை அகற்றிய இடங்களில் அந்தச் சத்தைத் தின்று வேறு களைகள் புகுந்த அனுபவம் உண்டு. மேலிருந்து அமோனியாவும் இறங்கிக்கொண்டிருந்தால், புல்லை நட்டு மீட்கும் செலவெல்லாம் களைக்குத் தீனியாகும்.

காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜன்தானே, அதில் என்ன ஆபத்து என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. அந்த நைட்ரஜனில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்பால் இறுகிக் கிடக்கின்றன. அதனால் யாருக்கும் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. இயற்கையில் பெரும்பாலும் மின்னலும் சில பாக்டீரியாக்களும் உடைத்துவந்த அந்தப் பிணைப்பை 1909இல் பிரிட்ஸ் ஹாபர் ஆய்வகத்தில் உடைத்து அமோனியாவாக்கினார். 1913இல் கார்ல் போஷ் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலையாக ஓடவிட்டார். இன்று உலகில் ஏறக்குறையப் பாதிப் பேர் சாப்பிடுவது அந்த அமோனியாவால் விளைந்த சோறு. உடைத்த நைட்ரஜன் சும்மா இருப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. இன்று அமோனியா, நாளை நைட்ரேட், அதன்பின் நைட்ரஸ் ஆக்சைடு என்று உருமாறி, போகிற வழியெல்லாம் ஒரு வேலை செய்துவிட்டுப் போகும்.

நைட்ரஸ் ஆக்சைடு உங்கள் இயக்கத்தின் பெயருக்கே நேராக உரியது. மண்ணில் நைட்ரேட் நிறைய இருந்து, மழையில் ஊறிக் காற்றோட்டம் அடைபட்டால், நுண்ணுயிர்கள் அதை இந்த வாயுவாக்கி வெளியே விடும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். வளிமண்டலத்தில் நூறு ஆண்டுக்கு மேல் நிற்கும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் நூறு கோடி மூலக்கூறுகளில் 270 ஆக இருந்தது இன்று 335ஐத் தாண்டிவிட்டது. மேலே ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோனைக் கரைக்கும் விதத்தை 1970இல் பால் குருட்சன் காட்டினார். 1995இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குளோரோபுளோரோகார்பன்களைக் கட்டுப்படுத்திய பிறகு, இந்த நூற்றாண்டில் மனிதர் வெளியிடும் ஓசோன் அரிப்பான்களில் முதலிடம் நைட்ரஸ் ஆக்சைடுக்கே என்று 2009இல் ரவிசங்கராவும் அவர் சக விஞ்ஞானிகளும் கணக்கிட்டார்கள்.

எங்கள் நிலத்தளவுக்கு இறக்கிச் சொல்கிறேன். 45 கிலோ யூரியா மூட்டையில் நைட்ரஜன் 46 விழுக்காடு, அதாவது இருபது கிலோ எழுநூறு கிராம். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போவதாக ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி பொதுக் கணக்கு வைத்திருக்கிறது. கணக்கிட்டால் ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 89 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நம்மைப்போன்ற மழைப் பகுதிகளுக்கு ரசாயன உரத்துக்கான பங்கை 1.6 என்று 2019இல் உயர்த்தியிருக்கிறார்கள். அப்படியானால் 142 கிலோ. மூட்டையின் மானிய விலை முன்னூறு ரூபாயைக்கூடத் தொடாததால், அளவுக்கு மேல் ஒரு கை போடுவது யாருக்கும் உறுத்துவதில்லை. காய் பெருக்கும் என்று போட்டது மழையில் கரைந்து, ஓடையில் இறங்கி, பவானிக்கும் மோயாற்றுக்கும் போகிறது. இரண்டும் சேர்வது பவானிசாகரில். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று தரநிலை உண்டு. எங்கள் ஊர்க் கிணறுகளையும் ஊற்றுகளையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

வாகனங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்துவிட்டது. மறு ஆண்டு சீசனில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. அந்த எண்ணிக்கையை நெரிசலாக மட்டும் பார்க்காதீர்கள். டீசல் வண்டி விடும் நைட்ரஜன் ஆக்சைடும், நம் தைல மரங்கள் விடும் ஐசோபிரீனும், வெயிலும் சேர்ந்தால் தரையோரத்தில் ஓசோன் உண்டாகும். அது பயிரின் இலையைக் கருக்கும், பிள்ளைகளுக்கு மூச்சு இரைக்கும்.

இதைப் படித்துவிட்டு நாளையே கோழி எருவுக்குத் தடை என்று ஓர் ஆணை போட்டுவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். எங்கள் சொந்தபந்தம் இன்றும் நுவரெலியா, ஹட்டன் பக்கம் கொழுந்து பறிக்கிறது. 2021இல் இலங்கை ஒரே ஆணையில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது என்ன நடந்தது என்று அவர்கள் வாயால் கேட்டவர்கள் நாங்கள். நெல்லும் தேயிலையும் சரிந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். பறித்த கொழுந்துக்குத்தான் கூலி என்றிருக்கும் வீட்டில் அந்த மாதங்களை எப்படி ஓட்டியிருப்பார்கள்! எதையும் செய்யாமல் விட்டாலும் கேடுதான். நெதர்லாந்தில் காலமெல்லாம் தள்ளிப்போட்ட நைட்ரஜன் கணக்கை 2019 மே மாதம் நீதிமன்றம் கையில் எடுத்தது, அனுமதிகள் நின்றன, அக்டோபரில் விவசாயிகள் டிராக்டரோடு நெடுஞ்சாலையில் நின்றார்கள். வழக்கு வந்த பிறகுதான் வேலை தொடங்கும் என்ற நிலை நீலகிரிக்காரர்களுக்கும் புதிதல்ல. அளந்து வைத்த எண் கையில் இருந்தால், விவசாயியும் வனத்துறையும் நீதிமன்ற வாசலில் எதிரெதிரே நிற்காமல் உட்கார்ந்து பேசலாம்.

தடைக்குப் பதிலாகச் செய்யக்கூடியவை நிறைய. கோழி எரு ஏறும் லாரி முழுக்க மூடியிருக்க வேண்டும் என்பதை மலையடிவாரச் சோதனைச் சாவடியிலேயே பார்க்கலாம். பாலாடா, கேத்தி, நஞ்சநாடு போன்ற இடங்களில் சோலைக்கும் ஓடைக்கும் தள்ளி, கூரை போட்ட பொது இறக்குமிடம் ஒன்று வேண்டும். அங்கேயே எருவைத் தென்னை நார்க்கழிவோடு கலந்து மக்க வைத்துக் கொடுத்தால், நார்க்கழிவின் கரிமம் அமோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்களுக்கும் சுமை குறையும், நாற்றம் குறையும். பாத்தியில் இறைத்த அன்றே மண்ணைக் கொத்தி மூடும் விவசாயிக்கு ஆள் கூலியில் ஒரு பங்கை மானியமாகக் கொடுங்கள். இயற்கை வேளாண்மைக்கு மாறச் சொல்லும் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். அங்கே கோழி எரு இயற்கை, யூரியா செயற்கை என்று பேசி முடித்துவிடுகிறார்கள். காற்றில் கலந்த அமோனியா எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று லைக்கனுக்குத் தெரியாது.

2019 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் பேரவையில் நைட்ரஜன் மேலாண்மைத் தீர்மானத்தைக் கொண்டுவந்ததே இந்தியாதான். அதே ஆண்டு அக்டோபரில் கொழும்புப் பிரகடனம், வீணாகும் நைட்ரஜனை 2030க்குள் பாதியாக்குவோம் என்றது. 2018இல் பூத்த குறிஞ்சி மறுபடி பூக்கவேண்டிய ஆண்டும் 2030தான். பாதியாக்க வேண்டுமானால் முழுசு எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? நம் மலையில் அந்த முதல் எண்ணைத்தான் நான் கேட்கிறேன்.

அளப்பதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. நகர நடுவில் வைக்கும் கருவி சோலையோரத்தில் நடப்பதைச் சொல்லவும் சொல்லாது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் குப்பி போதும். உள்ளே சிட்ரிக் அமிலத்தில் நனைத்துக் காயவைத்த வடிதாள், வாயில் காற்று மட்டும் நுழையும் மெல்லிய சவ்வு. மழை படாத ஒரு சிறு மறைப்புக்குக் கீழே, ஆள் மார்பளவு உயரத்தில், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கம்பத்தில் மாட்ட வேண்டும். மின்சாரம் வேண்டாம். ஒரு மாதம் கழித்துக் கழற்றி, வடிதாளைத் தண்ணீரில் ஊறவைத்து, அதில் இறங்கிய அமோனியத்தை அளந்தால் அந்த மாதச் சராசரி கிடைத்துவிடும். இரண்டு பருவமழையும் அடங்க ஓர் ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டும். 2024இல் உலகச் சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த கோத்தகிரி லாங்வுட் சோலையில் தொடங்குங்கள். சுற்றிலும் தேயிலையும் ஊரும் இருக்க நடுவில் நிற்கும் சோலை அது. முத்தோரைப் பாலாடா, கேத்தி, அவலாஞ்சிக்குப் போகும் வழி, ஒப்பிட்டுப் பார்க்க முக்கூர்த்திக்குள் ஓர் இடம். குப்பி மாட்டிய இடத்தைச் சுற்றியுள்ள மரங்களில் என்னென்ன லைக்கன் இருக்கிறது என்று கல்லூரி மாணவர்கள் படம் எடுத்துப் பட்டியல் போடட்டும்.

கேத்தியில் எங்கள் நிலத்து வேலியில் ஒரு கம்பம் நட்டுக்கொள்ளலாம். மாதாமாதம் குப்பியைக் கழற்றி மாட்டும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். அக்கம்பக்கத்து விவசாயிகள் சிலரிடமும் பேசிவிட்டேன், அவர்களும் இடம் தரத் தயார். அடுத்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கி, வனத்துறையிலிருந்தும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்தும் ஒருவரை வரச் சொல்லுங்கள். வடிதாளும் குப்பியுமாக நான் வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறி விவசாயி,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை